கணினி கற்பாரும் மாணாக்கர் இலக்கணமும்

தோற்றுவாய்

கற்றல் என்பது அறியாததை அறிந்துகொள்ளுதல் மாத்திரமன்று. அறிந்ததைச் சற்றே ஒதுக்கிவைத்துப் புதியதொன்றின் முன் மாணாக்கராய் நிற்றலும் கற்றலேயாம். இவ்விரண்டனுள் முன்னையது எளிது, பின்னையது அரிது. சிறுபிள்ளைகளுக்கு ஒதுக்கிவைத்தற்குரிய பழைய அறிவு அதிகமில்லை. ஆகலின் அவர்கள் எதனையும் விரைந்து கற்கின்றனர். வளர்ந்தோராகிய நமக்கோ, முன்னர்க் கற்றதே பின்னர்க் கற்பதற்குத் தடையாய் வந்து குறுக்கே நிற்பதுண்டு.

இவ்வுண்மையை இக்காலத்தில் நன்கு விளக்கவல்ல பொருள் கணினியாகும். கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை மாறும்போது, அதனை முறையாகக் கற்க முயல்வோர், கல்லாமலே காலங் கழிப்போர், கற்குமுன்னரே பழித்துரைப்போர் எனப் பலதிறத்தாரைக் காண்கின்றோம். அவர்தம் இயல்புகளை ஆராய்ந்து, முறையாகக் கற்றல் யாது என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர் கணினியைப்பற்றி எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். வினாத்தாள் அமைத்தல், புள்ளிப் பட்டியல் தயாரித்தல், பெற்றோர்க்குக் கடிதம் வரைதல் என ஆசிரியர் கடமைகளுட் பல இன்று கணினி வழியே நிகழ்கின்றன. மலர்களும் சஞ்சிகைகளும் கணினியிலேயே அச்சுக்கோக்கப்படுகின்றன. அன்றியும், யாம் ஈண்டு ஆராயப் புகுவது பொறியையன்று, அதனைக் கற்பாரையே. கற்பார் இலக்கணம் தமிழாசிரியர்க்கு உரிய பாடமேயாம்.

பணிசெயல் முறைமை யாது?

கல்லூரியொன்றில் வகுப்புகள் பல, ஆசிரியர் பலர், அறைகளோ அளவானவை. எந்த வகுப்பு எந்த அறையில் இருத்தல் வேண்டும், எப்பாடம் எந்நேரத்தில் நடத்தல் வேண்டும், பதிவேடுகள் எந்த அலுமாரியில் இருத்தல் வேண்டும், அவற்றைத் திறந்து பார்க்க உரிமையுடையார் யாவர் என்பவற்றையெல்லாம் அதிபர் அலுவலகம் வரையறுக்கின்றது. நேரசூசி இல்லையேல் ஓர் அறைக்கு மூன்று வகுப்புகள் போட்டியிடும். மற்றோர் அறை வெறிதே கிடக்கும்.

கணினியினுள் இத்தொழிலைச் செய்வதே பணிசெயல் முறைமை. தமிழ்நாட்டார் இதனை இயங்குதளம் என்பர். மத்திய முறைவழி அலகின் நேரத்தைப் பல செய்நிரல்களுக்குப் பங்கிடுதல், நினைவகத்தில் ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குதல், வன்தட்டிற் கோப்புகளை ஒழுங்குபட வைத்தல், யார் எதனைத் தொடலாம் என்பதைக் காத்தல் ஆகியன இதன் கடமைகள். திரையிற் காணும் படங்களும் பொத்தான்களும் அலுவலகத்தின் வாயிற்கதவு போல்வன. கதவின் நிறம் மாறினும் அலுவலகத்தின் தொழில் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டை உணர்தலே முறையான கல்வியின் முதற்படி.

இப்பொழுது கற்கவேண்டிய காரணம்

மைக்ரோசொப்ற் நிறுவனம் 2015 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கான பொதுவான ஆதரவு, 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவெய்தியது. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, தன்னை நிறுவுதற்குச் சில தகுதிகளை வேண்டிநிற்கின்றது. 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் இருந்தாலும் போதா; மறைகுறித் திறவுகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் ஏற்பாடும், அங்கீகரிக்கப்பட்ட அண்மைக்கால முறைவழி அலகும் வேண்டும். ஆகவே நல்ல நிலையில் இயங்கும் கணினிகள் பலவும் இத்தகுதியின்மையால் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன.

ஆதரவு முடிந்தால் என்ன, கணினி ஓடிக்கொண்டுதானே இருக்கின்றது எனச் சிலர் கூறுவர். 2017 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் வன்னாகிரை எனப்பட்ட தீநிரல் உலகின் பல நாடுகளிலும் பரவிற்று. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த வைத்தியசாலைகள் சில, நோயாளரைத் திருப்பியனுப்ப வேண்டிய நிலைக்கு உள்ளாயின. அத்தீநிரல் நுழைந்த துளையை அடைக்கும் இற்றைப்படுத்தலோ அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே துன்புற்றன. இற்றைப்படுத்தல் கிடைத்தும் ஏலாதார் நிலை அதுவாயின், இற்றைப்படுத்தலே கிடைக்காத கணினியை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பார் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலையில் ஒரு பாடசாலைக்கு முன்னுள்ள வழிகள் சிலவே. புதிய கணினி வாங்கலாம். சில காலம் நீட்டித்த பாதுகாப்பு ஏற்பாட்டை நாடலாம். அன்றி, பழைய கணினியிலும் இயங்கவல்ல லினக்ஸ் போன்ற வேறொரு முறைமைக்கு மாறலாம். எவ்வழி சிறந்தது என்பது அவ்வவ் இடத்தைப் பொறுத்தது. லினக்ஸே உயர்ந்தது என நிறுவுதல் எம் கருத்தன்று. ஆயினும், மூன்றாம் வழியைத் தள்ளுவோருட் பலர் அதனை ஆராய்ந்து தள்ளுவதில்லை. கற்க மனமின்மையாலே தள்ளுகின்றனர். பயன்படுத்தக்கூடிய கணினி குப்பையாவதும், மாணவர்க்குக் கிடைக்கக்கூடிய கல்வி கிடையாமற் போவதும் அம்மனமின்மையின் விலையாகும்.

லினக்ஸின் வரலாறு

பழிப்போர் சிலர் கருதுமாறு லினக்ஸ் நேற்று முளைத்த காளானன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 ஆம் ஆண்டில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் முறைமையே இதன் முன்னோர் மரபு. 1983 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்ரோல்மன், யாவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்து, குனூ எனும் திட்டத்தைத் தொடங்கினார். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், முறைமையின் கருவாகிய பகுதியை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து எழுந்தவையே டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலிய வழங்கல்கள். நம் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் உள்ளேயும் லினக்ஸின் கருவே இயங்குகின்றது. "லினக்ஸ் எமக்குப் பழக்கமில்லாதது" என்று தொலைபேசி வழியே கூறுவாரும் அதனையே கையிற் பிடித்துக்கொண்டு கூறுகின்றனர்.

எண்வகை மாணாக்கர்

இனிக் கற்பார் இயல்பைக் காண்போம். பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை முத்திறத்தராக வகுத்து, எட்டு உவமைகளாற் காட்டுவர். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் எழுந்த இப்பாகுபாடு கணினி கற்பார்க்கும் அப்படியே பொருந்துதல் வியக்கற்பாலது.

எருமை குளத்தினுட் புகுந்து நீரைக் கலக்கிய பின்னரே குடிக்கும். புதிய முறைமை நிறுவப்பட்ட அன்றே அதன் அமைப்புகள் அனைத்தையும் மாற்றி, பழையதைப் போலவே தோன்றும்படி வலிந்து திருத்தி, இன்னதெனத் தெரியாத கோப்புகளை அழித்துவிட்டு, "இது கெட்ட முறைமை" என்பார் இவ்வினத்தர். கலங்கிய நீர் குளத்தின் குற்றமன்று.

ஆடு செடிதோறும் ஒவ்வோர் இலை கடித்து, எதிலும் வயிறு நிரம்பாமல் அலையும். திங்கட்கிழமை ஒரு வழங்கல், புதன்கிழமை மற்றொன்று, இடையிடையே காணொளிகளின் பாதிப் பாகங்கள் எனத் திரிவார் இவ்வகையினர். இவர்க்குப் பெயர்கள் பல தெரியும். தொழில் ஒன்றேனும் தெரியாது.

இல்லிக்குடம், ஓட்டைக்குடம். வார்த்த நீர் வார்த்தவுடன் ஒழுகும். கோப்பினை அச்சிடுமாற்றை ஒவ்வொரு தவணையிலும் ஒருமுறை கேட்பார், குறித்துவைக்கமாட்டார். கணினிப் பாட ஆசிரியரை இவர் ஆசிரியராகக் கருதாது, தம் விரலாகக் கருதுகின்றார்.

நெய்யரி நெய்யை வடியவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும். "அந்தப் பொத்தான் இல்லை, இந்த எழுத்துரு இல்லை" எனக் குறைகளை மாத்திரம் நினைவிற் கொண்டு, அதனால் விளைந்த பயன்களை மறந்துவிடுவார் இத்திறத்தர்.

கிளி சொன்னதைச் சொல்லும். இடைமாணாக்கருள் ஒன்றாகிய இதுவே ஆசிரியரை எளிதில் ஏமாற்றுவது; அறிவுபோலத் தோன்றுதலின். "கீழே இடப்பக்க மூலையை அழுத்துக, மூன்றாவது வரியைத் தெரிக" என மனப்பாடஞ் செய்தவர் தேர்விற் புள்ளியும் பெறுவர். 1995 ஆம் ஆண்டில் விண்டோஸ் 95 உடன் வந்த தொடக்கப் பொத்தான் பல ஆண்டுகள் இடப்பக்க மூலையிலே இருந்தது. 2012 ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வந்தபோது அது அவ்விடத்தினின்று மறைந்தது. 2013 ஆம் ஆண்டில் மீண்டும் தோன்றிற்று. விண்டோஸ் 11 இலோ இயல்பாகவே நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. கிளிகள் ஒவ்வொரு முறையும் கூட்டிற்கு வெளியே விடப்பட்டன. வேறு முறைமைக்கு மாறாதவர்க்கும் கற்றலினின்று விடுதலை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

மண் உழவன் முயற்சிக்குத் தக்கவாறு விளைவு தரும். எமது மாணவருட் பெரும்பாலார் இவ்வினத்தரே. விளையாதவிடத்து மண்ணைக் கடிதல் தகாது. ஏரினை நோக்குதல் வேண்டும்.

அன்னம் நீரொழித்துப் பாலுண்ணும் என்பர். அழுத்தும் இடம் நீர். அதன் உட்கருத்துப் பால். இரண்டையும் பிரித்தறிவாரே தலைமாணாக்கர். ஆ வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திற் படுத்து அசைபோடும். அன்று செய்ததை மாலையில் நினைந்து, மறுநாள் உதவியின்றித் தாமே செய்துபார்ப்பார் ஆவை ஒப்பர்.

ஒருவரே எல்லாவிடத்தும் ஓரினத்தராய் இருத்தலில்லை. இலக்கணத்தில் அன்னமாய் இருப்பார் கணினியின் முன் எருமையாதலும், வகுப்பில் ஓட்டைக்குடமெனப்பட்ட சிறுவன் விசைப்பலகையின் முன் அன்னமாதலும் உண்டு. ஆகலின் இப்பாகுபாடு பிறரைச் சுட்டுதற்கன்று. நாம் நம்மையே நோக்குதற்கு.

முறையாகக் கற்றல்

முறையாகக் கற்றலாவது, செய்கைகளின் பின்னுள்ள இலக்கணத்தை அறிதல். அதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவாம்.

முதலாவது, கோப்புகளின் இருப்பிடம். விண்டோஸில் வன்தட்டு "சீ" என ஆங்கில எழுத்தாற் பெயர்பெறும். இஃது இடுகுறிப் பெயர்போலத் தோன்றினும் காரணம் உடையது. தொடக்ககாலத்தில் முதலிரண்டு எழுத்துகளும் நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாயிருந்தன. ஆதலின் வன்தட்டு மூன்றாம் எழுத்தைப் பெற்றது. நெகிழ்வட்டு வழக்கொழிந்தும் பெயர் நிலைத்தது. லினக்ஸில் இவ்வெழுத்துகள் இல்லை. ஒரே வேரினின்று கிளைத்த ஒரே மரமாகவே யாவும் அமைந்துள்ளன. பென் டிரைவ் ஒன்றைச் செருகினால், அதுவும் அம்மரத்தில் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். இதனை அறியாதவர் புதிய எழுத்தொன்றைத் தேடி, அதைக் காணாமையாற் பென் டிரைவ் பழுதெனக் கொள்வர். அறிந்தவர் கிளையைத் தேடுவர், கண்டுகொள்வர்.

இரண்டாவது, உரிமை. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்பும் மூவரை நோக்கியது: உடையவர், குழுவினர், ஏனையோர். நம் இலக்கணத்தின் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தை இஃது ஒருவாறு நினைவூட்டும். ஒவ்வொருவர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள் உள. படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1 என எண் கொடுத்துக் கூட்டுவர். 640 என ஒரு கோப்புக்கு உரிமை வகுத்தால், உடையவர் படிக்கவும் எழுதவும் கூடும். குழுவினர் படிக்க மாத்திரம் கூடும். ஏனையோர் தொடவும் ஒண்ணாது. வகுப்பாசிரியர் திருத்தவும், ஏனைய ஆசிரியர் பார்க்கவும், பிறர் காணாமலிருக்கவும் வேண்டிய புள்ளிப் பட்டியலுக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு யாது? விண்டோஸிலும் உரிமை வகுத்தல் உண்டு. வகுக்கும் முறையே வேறு. ஒன்றிற் கருத்தை உணர்ந்தவர்க்கு மற்றொன்றில் வழி தானே புலப்படும்.

மூன்றாவது, கணினி கூறும் செய்தியைப் படித்தல். "அனுமதி மறுக்கப்பட்டது", "அத்தகைய கோப்பு இல்லை" எனக் கணினி சொல்லும்போது, படியாமலே அச்செய்தியை மூடிவிடுவார் மிகப் பலர். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னையது பொருள் உண்டு, உரிமை இல்லை என்றது. பின்னையது அவ்விடத்தில் அப்பெயரிற் பொருளே இல்லை என்றது. லினக்ஸில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படுதலின், ஓரெழுத்துப் பிழைத்தாலும் பின்னைய செய்தி வரும். எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளாத ஆசிரியரைப் போன்றது அது. பயின்றார்க்கு நன்மையே செய்யும்.

நான்காவது, கைந்நூலைப் படித்தல். யூனிக்ஸின் முதற் கைந்நூல் 1971 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்தது. அம்மரபு இன்றும் தொடர்கின்றது. "மேன்" என்னுங் கட்டளையை ஒரு கட்டளையின் பெயரோடு தட்டச்சுச் செய்தால், அதன் பெயர், வடிவம், விளக்கம் ஆகியவை ஒழுங்காகத் திரையில் வரும். சிலவற்றில் "குறைகள்" என்னும் பகுதியொன்றும் உண்டு. ஆக்கியோரே தம் ஆக்கத்தின் குறையைத் தாமே எழுதிவைத்தல் பாராட்டற்குரிய பண்பன்றோ? பாயிரம் படியாமல் நூலுட் புகலாகாது என நாம் மாணவர்க்கு உரைக்கின்றோம். நாமோ கைந்நூல் படியாமற் கணினியுட் புகுகின்றோம்.

தமிழ் எழுத்தும் ஒரு பாடம்

புதிய முறைமைக்கு மாறுந் தமிழாசிரியர் முதலில் அஞ்சுவது தம் பழைய வினாத்தாள்களை எண்ணியே. ஈழத்திற் பலர் பாமினி எழுத்துருவிலே நெடுங்காலம் தட்டச்சுச் செய்து பழகியுள்ளனர். அக்கோப்பினை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை தோன்றும். "புதிய முறைமை என் உழைப்பை அழித்துவிட்டது" என மனம் வெதும்புவர். அவ்வருத்தம் உண்மையானது, அவர் சுட்டும் காரணமே தவறானது.

பாமினியில் தட்டச்சுச் செய்தபோது கணினியினுட் பதிந்தது தமிழன்று; ஆங்கில எழுத்துகளின் எண்களே பதிந்தன. அவற்றுக்குத் தமிழ் வடிவம் என்னும் ஆடை மேலே போர்த்தப்பட்டிருந்தது. ஆடை இல்லாத இடத்தில் உள்ளிருந்தது வெளிப்பட்டது. யூனிகோட் என்னும் ஒருங்குறியிலோ தமிழெழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமக்கே உரிய எண்கள் உண்டு. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. இவ்வெண்கள் எக்கணினியிலும் மாறா.

இங்கே தமிழாசிரியர் சிந்தித்தற்குரிய நுட்பம் ஒன்று உளது. நம் இலக்கணப்படி மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேரக் ககரமாகும். ஒருங்குறியிலோ ககரம் ஓரெண். அதன்மேற் புள்ளியாகிய மற்றோர் எண்ணைச் சேர்த்தே மெய் ஆக்கப்படுகின்றது. ஆகவே, ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணுமாறு கணினியிடம் கூறினால், "தமிழ்" என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தினைக் கணக்கிடுவதும் உண்டு. இதனைப் பிழையென்று ஒதுக்காது, ஏன் அவ்வாறாயிற்று என வகுப்பில் வினவினால், எழுத்திலக்கணமும் கணினியியலும் ஒருங்கே கற்பிக்கலாம்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுஞ் செயலிகள் உள்ளன. லினக்ஸில் தமிழ்99, ரெங்கநாதன் முதலிய விசைப்பலகை முறைகளும் உள்ளன. எனவே, வழி இல்லை என்பது பொருந்தாது. ஒருமுறை முயன்று மாற்றியவர்க்கு, அதற்குப்பின் எந்த முறைமை வரினும் எழுத்து மறையும் அச்சம் இல்லை.

ஆசிரியரும் மாணவரும்

ஆசிரியர் பலர் புதிய முறைமையைக் கற்கத் தயங்குதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது வெளிப்படக் கூறப்படுவதில்லை. மாணவர் முன்னிலையில் தடுமாற நேருமே என்னும் நாணமே அது. இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் ஐயமின்றி நின்றவர்க்கு, பதினைந்து வயதுச் சிறுவனிடம் "தம்பி, இதை எப்படித் திறப்பது?" என வினவுதல் எளிதன்று. இந்நாணத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயினும் அதற்கு ஆட்படலும் ஆகாது. ஆசிரியர் கற்பதை மாணவர் கண்ணெதிரே காண்பது, அவர் பெறக்கூடிய பாடங்களுள் தலையாயது. தெரியாததைத் தெரியாதென்று கூறி, கைந்நூலைத் திறந்து, செய்தியைப் படித்து, மீண்டும் முயன்று வெற்றிபெறும் ஆசிரியரைக் கண்ட மாணவன் தன் வாழ்நாளிற் புதியது எதற்கும் அஞ்சான்.

இம்முயற்சி பெரிய அளவிலும் நிகழ்ந்துள்ளது. கேரள மாநிலத்தில் 2001 ஆம் ஆண்டிற் பாடசாலைகளுக்கான தகவற்றொழினுட்பத் திட்டம் தொடங்கப்பட்டது. அது பின்னர் லினக்ஸுக்கு மாறியபோது, கணினிகளை மாற்றுவதோடு நில்லாது ஆசிரியரைப் பயிற்றுதலையும் பெரிதாகக் கொண்டது. ஆசிரியருள்ளிருந்தே பயிற்றுநரும் உருவாயினர். பிரான்சு நாட்டின் தேசிய சாந்தார்மரி எனும் காவற்படையினர் 2005 ஆம் ஆண்டளவிற் பழைய முறைமையின் மேலேயே புதிய அலுவலக மென்பொருளைப் பழகினர்; அதன்பின் இணைய உலாவியை மாற்றினர்; 2008 ஆம் ஆண்டளவிலேயே பணிசெயல் முறைமையை மாற்றத் தொடங்கினர். படிப்படியாகச் செல்வதன் பயனை இவை காட்டுகின்றன.

எம் போன்ற பாடசாலைகளும் இவ்வாறு செய்யலாம். முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் பிரதி எடுத்து வேறிடத்திற் காத்தல் வேண்டும். அடுத்து, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒருங்கே இயங்கும் லிப்ரே ஒபிஸ் போன்ற மென்பொருளைப் பழைய முறைமையிலேயே ஒரு தவணை பழகலாம். பின்னர், 8 கிகாபைற்றுப் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே அதனை இயக்கிப் பார்க்கலாம். அலுவலகத்துக்கு இன்றியமையாத மென்பொருள் ஏதேனும் லினக்ஸில் இயங்காதாயின், அக்கணினியை அவ்வாறே விடுத்து வேறு ஏற்பாடு காணலாம். இவை யாவும் முடிந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும். ஒரு தவணை பயின்று "வேண்டாம்" என்பார் சொல்லுக்கு மதிப்புண்டு; ஒரு நாழிகை பார்த்து "வேண்டாம்" என்பார் சொல் வெறும் பழக்கத்தின் குரலே.

முடிவுரை

நன்னூலார் கல்வி நிரம்புமாற்றையும் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனத்திற் கொண்டாலும் கல்வியிற் காற்பங்கே கைகூடும். உடன்பயில்வாரோடு பயில மற்றொரு காற்பங்கு கைகூடும். எஞ்சிய அரைப்பங்கோ பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைத்தலினாலேயே நிரம்பும். கணினிக் கல்விக்கும் இக்கணக்கே பொருந்துகின்றது. காணொளி பார்த்தல் காற்பங்கு. நண்பரோடு கூடியிருந்து முயலுதல் காற்பங்கு. நாம் கற்றதை மற்றொருவர்க்கு, நாம் விசைப்பலகையைத் தொடாது, அவர் கையாலேயே செய்விக்குமாறு கற்பித்தல் அரைப்பங்கு.

ஈண்டுப் பழைய மாணவராகிய அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குக் கணினிகளை வழங்கும் உங்கள் பெருந்தன்மையை யாம் நன்றியோடு போற்றுகின்றோம். ஆயினும் இன்று வழங்கும் கணினியும் ஒருநாள் ஆதரவிழக்கும். அதன் முறைமையும் மாறும். கணினியைக் கொடுத்தல் ஒருநாட் செயல். அதனைக் கற்கும் மனப்பாங்கைக் கொடுத்தலோ தலைமுறைச் செயல். உங்களுள் இத்துறையில் தொழில்புரிவோர் உளர். கொழும்பிலிருந்தோ கடல்கடந்த நாடுகளிலிருந்தோ விடுமுறைக்கு வருங்காலை, ஒரு சனிக்கிழமை முற்பகலை எம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஈவீராயின், அது பெட்டியில் வரும் பத்துக் கணினிகளினும் மேலாகும். உங்கள் கல்வியின் எஞ்சிய அரைப்பங்கும் அதனால் நிரம்பும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் காலத்தில் இன்னும் எத்தனை முறைமைகள் வருமோ, எத்தனை மறையுமோ! பொத்தானின் இடத்தைக் கற்றவர், பொத்தான் நகரும்போது கற்றதை இழப்பர். கருத்தைக் கற்றவர் எங்குச் செல்லினும் அதனைத் தம்மோடு கொண்டுசெல்வர். நீரை ஒழித்துப் பாலைக் கொள்ளுங்கள், கொண்டதை அசைபோடுங்கள், அசைபோட்டதைப் பகிர்ந்து கொடுங்கள். விழாக் காணும் நம் கலைக்கழகம் அத்தகைய தலைமாணாக்கரால் என்றும் பொலிவதாக.